கை திருப்பிச் சொல்வதைக் கேட்பது எப்படி? பக்கவாதத்துக்குப் பின் வீட்டில் செய்யும் உணர்வுப் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்காரர். முப்பது வருசம் வெள்ளிக் கண்ணி கோத்த கை. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மூன்று மாதத்தில் பலம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. என் விரலைப் பிடித்து அழுத்தினால் எனக்கே வலிக்கும். ஆனால் சாமணத்தைக் கையில் கொடுத்தால், அதையே பார்த்துக்கொண்டிருக்கும் வரைதான் பிடித்திருப்பார். ஊதுகுழல் எங்கே என்று தலையைத் திருப்பினால் போதும், சாமணம் தரையில் கிடக்கும். விழுந்ததுகூடத் தெரியாது. சத்தம் கேட்டுத்தான் குனிவார்.

"பலமெல்லாம் இருக்குது கண்ணு, கைதான் இவரு பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றார் அவர் மனைவி.

எனக்கு அது நேர்த் தலைகீழாகப் பட்டது. கை அவர் சொன்னதைக் கேட்கிறது. கை திருப்பிச் சொல்வதுதான் அவர் காதில் விழவில்லை.

நான் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். போகிற இடமெல்லாம் ஒரே காட்சிதான்: ரப்பர் பந்தை அமுக்கு, தண்ணீர் பாட்டிலைத் தூக்கு, ஆயிரம் தடவை செய். பலத்துக்கு அது சரி. சேதி வராத கைக்கு அது பாதி வைத்தியம்கூட இல்லை. மீதியை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை முதலில். திடீரென்று முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எப்போது தொடங்கியது என்று டாக்டர் முதலில் கேட்பார். நேரத்தைக் குறித்து வையுங்கள்.

படி 1: சேதி எங்கிருந்து வருகிறது

மூளை உத்தரவு போடுகிறது, தசை சுருங்குகிறது, வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது ஒரு வட்டம். உத்தரவு போன அதே நேரத்தில் கையிலிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கும்; அதைப் பார்த்து மூளை அடுத்த உத்தரவைத் திருத்தும்.

தகவல் சொல்பவர்களில் முக்கியமானவர் தசைக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். மசில் ஸ்பிண்டில் என்று பெயர். தமிழில் தசைக்கதிர். தறி பார்த்த ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: நூல் சுற்றிய கதிர் மாதிரி நடுவில் பருத்து இரு நுனியும் ஒடுங்கியிருக்கும். தசை எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதைச் சொல்வது இது. தசை எலும்போடு சேரும் இடத்தில் கோல்ஜி உறுப்பு. எவ்வளவு இழுவிசை என்று அது சொல்லும். தோல், மூட்டு, உள்காது, கண் இவையெல்லாம் மீதி.

ஒவ்வொன்றுக்கும் வேகம் வேறு. கையை யாராவது சட்டென்று தட்டிவிட்டால், தண்டுவடம் வரை போய்த் திரும்பும் பதில் 25 முதல் 50 மில்லிசெகண்டில் தசைக்கு வந்துவிடும். மூளை வரை போய்வரும் திருத்தத்துக்கு 50 முதல் 100. கண்ணால் பார்த்துத் திருத்த 100க்கு மேல் ஆகும். பட்டறைக்காரர் கண்ணை நம்பிக் கண்ணி கோத்தால் வேலை ஏன் ஆமை வேகத்தில் போகிறது என்பதற்கு இதுதான் காரணம். கண்ணுக்கு வேலை தெரியும், வேகம் பத்தாது.

1895இல் மாட், ஷெரிங்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் குரங்கின் ஒரு கையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் உணர்வு நரம்பு வேர்களை மட்டும் வெட்டினார்கள். உத்தரவு போகும் நரம்பைத் தொடவில்லை. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது. உணர்வு இல்லாமல் அசைவே இல்லை என்று உலகம் முடிவு கட்டியது. பல பத்தாண்டுகள் கழித்து எட்வர்ட் டவுப் அதே மாதிரிக் குரங்கின் நல்ல கையைக் கட்டிப் போட்டுப் பார்த்தார். வேறு வழியில்லாமல் குரங்கு மரத்த கையை எடுத்தது. கை முடியாமல் கிடக்கவில்லை, வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. இதை மனதில் வையுங்கள், படி 6இல் வேண்டும்.

மனிதர்களில் இயன் வாட்டர்மேன் கதை உண்டு. 1971இல், பத்தொன்பது வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும், கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் போய்விட்டன. தசை ஒன்றும் செயலிழக்கவில்லை. ஆனாலும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிறகு ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்து, யோசித்து, மாதக்கணக்கில் பழகி நடந்தார். விளக்கை அணைத்தால் விழுந்துவிடுவார். இந்த உணர்வுக்கு அடித்தளமான பியெசோ2 என்ற புரதத்தைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பிறவியிலேயே அந்தப் புரதம் வேலை செய்யாதவர்களும் கண்ணைக் கட்டினால் நடக்கத் தடுமாறுகிறார்கள்.

படி 2: முதலில் வீட்டுக்காரர்கள் செய்து பார்க்க வேண்டும்

நோயாளிக்குப் பயிற்சி கொடுக்கும் முன் பக்கத்தில் இருப்பவர்கள் இதைச் செய்யச் சொல்வேன். செய்யாதவர்கள்தான் "கவனமா புடிங்க, கவனமா புடிங்க" என்று திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு கையுறையை ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டுங்கள். ஒரு தட்டில் ஜவ்வரிசியைக் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுங்கள். எடுத்தேனா இல்லையா என்றே தெரியாமல் காற்றைக் கிள்ளிக் கிண்ணத்தில் போடுவீர்கள். விரலில் பலம் குறைந்ததா? இல்லை. ஜவ்வரிசி ஊரில் பிறந்தவர்களுக்கே இந்தக் கதி.

இன்னொன்று. உள்ளங்கையில் தண்ணீர்ச் சொம்பை வைத்து நீட்டிப் பிடியுங்கள். நீங்களே மறு கையால் அதை எடுத்தால் கை அப்படியே நிற்கும். வேறொருவர் எடுத்தால் கை துள்ளி மேலே போகும். முதல் தடவை மூளைக்கு முன்கூட்டியே தெரியும், சரியான நேரத்தில் தசையைத் தளர்த்திவிட்டது. இரண்டாவது தடவை சேதி வந்த பிறகுதான் தெரிந்தது. ஆக மூளை சேதிக்காகச் சும்மா காத்திருப்பதில்லை. என்ன சேதி வரும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, வந்ததோடு ஒத்துப் பார்க்கிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் இந்தக் கணக்கால்தான்.

ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் டிரைவருக்குக் குமட்டுவதில்லை, பின் சீட்டுக்காரருக்குக் குமட்டும். காரணத்தில் பாதி இதேதான். ஸ்டியரிங் அவர் கையில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாயப்போகிறோம் என்று உடம்புக்கு முன்பே தெரியும். (மீதி பாதி காலையில் சாப்பிட்ட தட்டுவடை செட்.)

படி 3: எது போயிருக்கிறது என்று சோதித்துப் பாருங்கள்

ஒரு நோட்டு எடுத்துத் தேதி போட்டு எழுதுங்கள். முன்னேற்றம் மெதுவாக வரும். எழுதாவிட்டால் வந்ததே தெரியாது.

விரல் சோதனை: நோயாளி கண்ணை மூடட்டும். அவர் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணுவை நீங்கள் பக்கவாட்டில் பிடியுங்கள். மேலும் கீழுமாகப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் எந்தப் பக்கம் அழுத்துகிறது என்பதை வைத்தே சொல்லிவிடுவார். நிறையப் பேர் செய்யும் தப்பு இது. மெதுவாகக் கொஞ்சம் மேலே அல்லது கீழே நகர்த்தி "மேலயா, கீழயா?" என்று கேளுங்கள். பத்துத் தடவை. பத்துக்கு ஐந்து சரி என்றால் சந்தோஷப்பட வேண்டாம், கண்ணை மூடிக் குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து வரும். விரலில் தெரியவில்லை என்றால் மணிக்கட்டு, பிறகு முழங்கை என்று மேலே போங்கள்.

கட்டைவிரல் தேடல்: பாதித்த கையை நீங்கள் தூக்கி எங்காவது நிறுத்துங்கள். கண்ணை மூடியபடியே நல்ல கையால் அந்தக் கட்டைவிரலைப் பிடிக்கச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் முதல் நாள் முழங்கையைப் பிடித்து, அங்கிருந்து தடவித் தடவி மேலே வந்தார். தன் கையை இன்னொருத்தர் கையைத் தேடுவது மாதிரித் தேடினார்.

துணிப்பை: ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், சாவி, புளியங்கொட்டை, கொலுசுத் திருகு. பார்க்காமல் எடுத்துப் பெயர் சொல்ல வேண்டும்.

பாதம்: கண்ணை மூடச் சொல்லி இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஓரிரு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்துக்கு ஆபத்து இருக்கிறது, டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருசக்கணக்கில் சாப்பிடுபவர்கள் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த மாத்திரை பி12ஐக் குறைக்கும்; பி12 குறைந்தாலும் கால் மரக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நிற்பது: காலைச் சேர்த்து வைத்து நிற்கட்டும். கண்ணைத் திறந்திருக்கும்போது நன்றாக நின்று, மூடியதும் சாய்ந்தால் காலிலிருந்து வரும் சேதி குறைவு, கண்தான் இத்தனை நாள் முட்டுக் கொடுத்திருக்கிறது. ரோம்பர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்ட சோதனை. முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போது விழுந்தேன் என்று யாராவது சொன்னால் உடனே எனக்கு இதுதான் ஞாபகம் வரும். தனியாகச் செய்ய வேண்டாம். பிடிக்க ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

படி 4: வீட்டைத் தயார் செய்வது

சேதி வராத கை சுட்டாலும் சொல்லாது. குளிக்கிற தண்ணீரை நல்ல கையின் முழங்கையால் பாருங்கள். வெந்நீர்ப் பை ஒத்தடம் வேண்டவே வேண்டாம். ராத்திரி கக்கூஸ் போகும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். ஆடி மாசமோ பங்குனி வெயிலோ, உச்சி வேளையில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றி வந்து, சாயங்காலம் உள்ளங்காலில் கொப்புளத்தோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடக் காலையிலேயே போகலாம், சாமி கோவித்துக்கொள்ளாது.

படி 5: தினசரிப் பயிற்சி

மொத்தம் அரை மணி நேரம். காலையில் பாதி, மாலையில் பாதி. களைத்த மூளைக்குச் சேதி புரியாது; பொறுமை போகும்போது நிறுத்திவிடுங்கள்.

முதலில் பார்–மூடு–பார். ஜவ்வரிசி, துவரம்பருப்பு, சாக்குத்துணி, பட்டுத்துண்டு என்று நாலு வகை வையுங்கள். பார்த்துக்கொண்டே விரலை அதன்மேல் நகர்த்தட்டும். கண்ணை மூடி அதையே செய்யட்டும். மறுபடி திறந்து பார்க்கட்டும். இடையில் நல்ல கையாலும் ஒரு முறை தொட்டு, அங்கே எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். விரலை வைத்து அழுத்தினால் ஒன்றும் தெரியாது, நகர்த்த வேண்டும். நாமும் துணிக்கடையில் பட்டை இரண்டு விரலால் தேய்த்துத்தானே பார்க்கிறோம்.

அடுத்து நகல் எடுப்பது. பாதித்த கையை நீங்கள் ஒரு நிலையில் வைக்க, கண்ணை மூடியபடியே நல்ல கையால் அதே நிலையைக் காட்ட வேண்டும். ஒரு வாரம் போனதும், காட்டிய நிலைக்குப் பாதித்த கையைத் தானாகவே திரும்பக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தானாக அசைக்கும்போது வரும் சேதி, பிறர் அசைக்கும்போது வருவதைவிடத் தெளிவாக இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: பிடி அளவு. ஒரு டம்ளரைத் தூக்கும்போது நழுவாமல் இருக்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக நாம் பிடிக்கிறோம். 1980களில் ஸ்வீடனில் யோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் இதை அளந்து பார்த்தார்கள். விரல் நுனியில் மிகச் சிறிய வழுக்கல் ஏற்பட்டாலே, பத்தில் ஒரு பங்கு செகண்டுக்குள், நாம் நினைக்கும் முன்பே பிடி இறுகுகிறது. விரல் நுனி மரத்தவருக்கு இந்த அளவு தெரியாது. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரேயடியாக இறுக்குவார், அல்லது மெல்ல மெல்லத் தளரவிட்டுப் போடுவார்.

இதற்கு நான் வைத்திருக்கும் கருவி தட்டுவடை. வெறும் தட்டுவடை ஒன்றைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டாலும் ஓரத்தில் பிடித்து ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்ற வேண்டும். உடைந்தால் அழுத்தம் அதிகம், விழுந்தால் குறைவு. தீர்ப்பு சொல்ல நான் வேண்டாம். பத்து மாறிய பிறகு, ஒன்றின் மேல் கேரட், பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்து இன்னொன்றால் மூடி, செட்டாகத் தூக்கச் சொல்லுங்கள். எடை கூடிவிட்டது, மேலே உள்ளது வழுக்குகிறது, அழுத்தினால் சட்னி பிதுங்குகிறது. பிதுங்கும் சட்னி விரலில் படும் அந்த ஈரத்தையும் கவனிக்கச் சொல்வேன், அதுவும் ஒரு சேதிதான். பட்டறைக்காரர் முதல் நாள் பதினாலு உடைத்தார். உடைந்ததையெல்லாம் பேரன் தின்று தீர்த்தான். அடுத்த நாள் பயிற்சிக்கு எங்களுக்கு முன்னாலேயே அவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

நான்காவது, கண்ணை மெல்ல விலக்குவது. ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டே நன்றாகச் செய்ய வந்ததும், கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிச் செய்யட்டும். பிறகு வேறு எங்காவது பார்த்துப் பேசிக்கொண்டே. அவசரப்பட்டுக் கண்ணை முதலிலேயே பிடுங்கிவிட்டால் தோல்விதான் பழகும். கடைசிவரை பார்த்தே செய்தாலும் கை கற்றுக்கொள்ளாது. பத்தில் ஏழு சரியாக வரும்போது அடுத்த கட்டத்துக்குப் போவது என் வழக்கம்.

கால் பயிற்சிக்கு அம்மாபேட்டையில் ஒரு நெசவாளரிடம் நானே பாடம் கற்றேன். குழித்தறியில் உட்கார்ந்தால் கால் குழிக்குள் போய்விடும், கண்ணுக்கே தெரியாது. எந்த மிதி எந்தக் கால் என்று ஒரு நாளும் அவர் குனிந்து பார்த்ததில்லை. சர்க்கரையால் பாதம் மரத்த பிறகு மிதி மாறி மாறிப் பாவு சிக்கியது. இரண்டு மிதியில் ஒன்றுக்குச் சாக்குத்துணி சுற்றச் சொன்னேன். உள்ளங்காலுக்கு மீதி இருந்த கொஞ்ச உணர்வுக்கு அது போதுமாக இருந்தது. வீட்டில் செய்ய: சிமென்ட் தரை, கோரைப்பாய், மடித்த போர்வை மூன்றிலும், சுவர் ஓரமாக, கூட ஒருவர் நிற்க, மெதுவாக ஏறி இறங்கி நிற்கப் பழகுங்கள். முடித்ததும் பாதத்தைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இடையில் ஒரு வேண்டுகோள், வாயை மூடிக்கொள்ளுங்கள். "மேல, இன்னும் மேல, இல்ல இல்ல இந்தப் பக்கம்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னால் அந்த நேரத்தில் நன்றாகவே செய்வார். நீங்கள் சமையலறைக்குப் போனதும் எல்லாம் போய்விடும். உங்கள் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், தன் கையைக் கேட்கப் பழகவே இல்லை. அசைவுப் பயிற்சியை ஆராய்ந்தவர்கள் 1980களிலேயே இதைக் கண்டார்கள். நான் சொல்லும் முறை: மூன்று நாலு தடவை செய்ய விடுங்கள். பிறகு "எவ்வளவு தள்ளிப் போச்சுன்னு நெனைக்கிறீங்க?" என்று அவரைக் கேளுங்கள். அவர் சொன்ன பிறகு கண்ணைத் திறக்கட்டும். அவர் கணிப்புக்கும் உண்மைக்கும் இருக்கும் இடைவெளிதான் பாடம்.

படி 6: நல்ல கையைக் கட்டுவது

டவுப்பின் குரங்கை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இங்கே. அந்தச் சோதனையிலிருந்துதான் நல்ல கைக்கு உறை மாட்டிப் பாதித்த கையையே எல்லா வேலைக்கும் எடுக்க வைக்கும் சிகிச்சை வந்தது. 2006இல் வெளியான எக்ஸைட் என்ற பெரிய ஆய்வு, பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்களுக்கு இது பலன் தருவதைக் காட்டியது. ஆனால் எல்லோருக்கும் ஆகாது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானாகத் தூக்க முடிந்தவர்களுக்குத்தான். நடக்கும்போது நல்ல கையைக் கட்டவே கூடாது, தடுமாறினால் பிடிக்க அது வேண்டும். உங்கள் பிசியோவைக் கேட்காமல் இந்தப் படியை எடுக்காதீர்கள். அவர் சரி என்றால் சாப்பிடும் நேரம், துணி மடிக்கும் நேரம் என்று சின்னதாகத் தொடங்குங்கள். ஒரு பழைய சமையல் கையுறை போதும்.

படி 7: எப்போது நிறுத்துவது, எப்போது காட்டுவது

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை படி 3இன் சோதனைகளை அதே வரிசையில் திரும்பச் செய்து நோட்டில் எழுதுங்கள். தோள் வலித்தால், கை வீங்கி நிறம் மாறினால், முன்பு தெரிந்தது இப்போது தெரியாமல் போனால், டாக்டரிடம் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் முன்னேறவே முன்னேறாது என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். வேகம் குறையும், நின்றுவிடாது. எல்லாம் பழையபடி ஆகும் என்றும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

பட்டறைக்காரர் இன்னும் நெருப்புப் பக்கம் போகவில்லை, நானும் விடவில்லை. வெங்காரம், பொடி வைத்துப் பற்றவைக்கும் வேலையை மகன் பார்க்கிறான். இவர் திருகு மாட்டி எடை போடுகிறார். போன வாரம் பயிற்சி முடிந்து நான் கிளம்பும்போது பேரன் ஐஸ் வாங்கக் காசு கேட்டான். அவர் என்னைப் பார்த்தபடியே வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுத் துழாவினார்.

"அஞ்சு ரூவா" என்று சொல்லி வெளியே எடுத்தார். இரண்டு ரூபாய்.

"போகுது போ, நேத்து சாவிய எடுத்து நீட்டுனேன்" என்றார்.